பாட்டு இல்லாத காஸெட்

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு கறுப்புக் காஸெட் இருக்கிறதா? 1985-க்கும் 2000-க்கும் நடுவில் உங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணமோ, பூணூலோ, சஷ்டியப்தபூர்த்தியோ நடந்திருந்தால் நிச்சயம் இருக்கும். வெண்கலப் பானைக்கும் கொலுப் பொம்மைப் பெட்டிக்கும் இடையில், ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, அதன்மேல் பழைய வேஷ்டித் துணியையும் சுற்றிப் பத்திரமாக வைத்திருப்பீர்கள். பத்திரம் என்று நாம்தான் நினைத்துக் கொண்டிருக்கிறோம். அந்தப் பைக்குள்ளே என்ன நடந்து கொண்டிருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இன்று உங்களிடம் வந்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் கொஞ்சம் பழங்கதை. இளவயதுச் சகோதரிகள் பொறுத்துக் கொள்ள வேண்டும்.

வி.எச்.எஸ். என்ற இந்தக் காஸெட்டை 1976-ம் வருஷம் ஜப்பானில் ஜே.வி.சி. கம்பெனிக்காரர்கள் வெளியிட்டார்கள். நம் ஊரில் அதற்கு மவுசு வந்தது, 1982-ல் டில்லியில் ஆசிய விளையாட்டு நடந்து, கலர் டெலிவிஷன் வந்த பிறகுதான். அதைப் போட்டுப் பார்க்கும் யந்திரத்துக்கு நாம் வைத்த பெயர் ‘டெக்’. சொந்தமாக டெக் வைத்திருப்பவர் தெருவுக்கு ஒருவர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் வாடகைக்கு எடுப்போம். சனிக்கிழமை இரவு கலர் டி.வி.யும் டெக்கும் மூன்று படங்களும் சேர்ந்து ரிக்ஷாவில் வந்து இறங்கும். கொடுத்த வாடகை வீண் போகக் கூடாதே என்று விடிய விடிய மூன்றையும் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தெருவே தூங்கி வழியும். நடுவில் படம் மங்கினால், டெக்கைக் கொண்டு வந்த பையன் மூடியைக் கழற்றிப் புத்தம்புது ரூபாய் நோட்டு ஒன்றால் உள்ளே எதையோ துடைப்பான். படம் பளிச்சென்று வந்துவிடும். ‘பணத்தைக் காட்டினால்தான் இந்த யந்திரமும் வேலை செய்யும் போலிருக்கிறது’ என்று என் பாட்டி முகவாய்க் கட்டையில் கை வைத்துக் கொள்வாள்.

பிறகு கல்யாண வீடுகளுக்கு வீடியோக்காரர் வர ஆரம்பித்தார். என் கல்யாணம் 1993-ம் வருஷம் ஆவணியில் மாயவரத்தில் நடந்தது. வீடியோக்காரர் தோளில் ஒரு பெரிய காமிரா. பின்னாலேயே விளக்கைத் தூக்கிக் கொண்டு ஒரு பையன். அந்த விளக்கு முகத்துக்கு நேரே வந்தால், ஹோமப் புகையே தேவலை என்றிருக்கும். ஒரு மாதம் கழித்து ‘எடிட்டிங்’ செய்த காஸெட் வந்தது. அடாடா! இருதய வடிவத்துக்குள் மாப்பிள்ளை சிரித்தார். தாமரை மொட்டு விரிந்தால் உள்ளே மாமியார் உட்கார்ந்திருந்தார். என் சித்தப்பா ஒருவர் நாலாகி, எட்டாகி, பதினாறாகிச் சுழன்று மறைந்தார். ஆதியிலிருந்து அந்தம் வரை சினிமாப் பாட்டு. வாத்தியார் மந்திரம் சொல்ல வாயைத் திறப்பார். பின்னணிப் பாடகி டூயட் பாடுவாள். தாலி கட்டும்போது மட்டும் ஒரு நிமிஷம் கெட்டிமேளம் கேட்டது. அந்தக் காலத்து வழக்கம் அது. உங்கள் வீட்டுக் காஸெட்டும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

எல்லோரும் ஆஹா என்றார்கள். என் அப்பாவுக்கு மட்டும் கோபமான கோபம். தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். “காசையும் வாங்கிண்டு எங்க எல்லார் வாயையும் அடைச்சுட்டானே!” என்று வீடியோக்காரரிடம் போய் வாதாடி, பாட்டுச் சேர்ப்பதற்கு முன்னால் எடுத்த அசல் காஸெட்டுகள் மூன்றையும் தனியாக விலை கொடுத்து வாங்கி வந்தார். அச்சடித்தாற் போன்ற தம் கையெழுத்தில், ‘அசல் 1, பாட்டு இல்லாதது’, ‘அசல் 2, பாட்டு இல்லாதது’ என்று வரிசையாக எழுதி ஒட்டினார். காஸெட்டின் முதுகில் ஒரு சின்ன பிளாஸ்டிக் தகடு இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிவு செய்ய முடியாது. மூன்றிலும் அதைப் பேனாக்கத்தியால் உடைத்து எறிந்தார். பரணில் ஏற்றியும் வைத்தார்.

1995-ல் அப்பா காலமாகிவிட்டார்.

அப்பாவின் போட்டோக்கள் இருக்கின்றன. கடிதங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. குரல் மட்டும் எங்கேயும் இல்லை. டெலிபோனில் பேசுவதைப் பிடித்து வைத்துக் கொள்ள அந்த நாளில் யாருக்குத் தோன்றியது?

இப்போது சென்ற நவராத்திரிக்கு வருகிறேன். என் தம்பி, எடிட்டிங் செய்த கல்யாணக் காஸெட்டை எங்கேயோ கொடுத்து டி.வி.டி.யாக மாற்றிக் கொண்டு வந்திருந்தான். கொலுவுக்கு வந்தவர்கள் எல்லோரும் சுண்டலை வைத்துக் கொண்டு பார்த்தார்கள்; தாமரையில் மாமியார் வந்தபோது கை தட்டினார்கள். என் அம்மாவுக்கு எண்பத்து நாலு வயது. விழித்திரை பழுதாகி, எதிரே நிற்பவர் நிழலாகத்தான் தெரிகிறார். காது மட்டும் பாம்புக் காது. நாற்காலியைப் போட்டுக் கொண்டு, கொஞ்சமும் அசையாமல் முழுக்க முழுக்க அந்தச் சினிமாப் பாட்டுகளையெல்லாம் கேட்டாள். முடிந்ததும், “இதுல உங்க அப்பா ஒரு வார்த்தையாவது பேசறாரா?” என்றாள்.

யாரும் பதில் சொல்லவில்லை.

“பாட்டு இல்லாததுன்னு ஒண்ணு எழுதி வெச்சாரே, அது எங்கே?” என்றாள்.

முதல் காஸெட்டை டில்லிப் பெரியம்மா இரவல் வாங்கிக் கொண்டு போனது போனதுதான். பெரியம்மாவே இப்போது இல்லை. மூன்றாவது காஸெட்டின் கதை வேறு. தகடு உடைந்த ஓட்டையின்மேல் ஒரு துண்டு ஸெல்லோ டேப்பை ஒட்டினால் டெக் ஏமாந்து போய்விடும் என்ற ரகசியம் கல்லூரியில் படித்துக் கொண்டிருந்த என் தம்பிக்குத் தெரிந்திருந்தது. 1996 உலகக் கோப்பைக் கிரிக்கெட்டில், கல்கத்தாவில் இலங்கையோடு நடந்த அரை இறுதி ஆட்டத்தை அதில் பதிவு செய்து விட்டான். அதிலும் நாம் தோற்றோம்!

மீதி இருந்தது இரண்டாம் நம்பர். பரணிலிருந்து இறக்கிப் பையைப் பிரித்தேன். கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால், சுருணையின்மேல் அரிசி மாவு தூவினாற்போல வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. பூசணம்!

ஊறுகாய் ஜாடியில் பூசணம் வந்தால் நமக்கு என்ன செய்வதென்று தெரியும். இதற்கு என்ன செய்வது? காஸெட்டுக்குள்ளே இருப்பது அரை அங்குல அகலமுள்ள பிளாஸ்டிக் நாடா. மூன்று மணி நேரக் காஸெட்டில் அது கால் கிலோமீட்டர் நீளம் இருக்கும். அதன்மேல் காந்தத் தூளைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பசைக்கு ஈரம் ஆகாது. நம் சென்னைப் பட்டணத்தின் புழுக்கத்தில், காற்றுப் புகாத பையில் போட்டு மூடினால் கேட்க வேண்டுமா? இன்னும் ஒரு சங்கதி. டெக்குக்குள் ஓர் உருளை வினாடிக்கு 25 தடவை சுற்றி, படத்தை நாடாவின் குறுக்கே சாய்வான கோடுகளாக எழுதுகிறது. குரலோ, நாடாவின் ஓரத்தில் ஒற்றைக் கோடாக ஓடுகிறது. (‘ஹை-பை’ வகையில் குரலையும் உருளையே எழுதும் என்கிறார்கள். எங்கள் கல்யாணத்துக்கு வந்த காமிரா அவ்வளவு பெரிய இடத்தைச் சேர்ந்ததல்ல.) பூசணம் முதலில் பிடிப்பது ஓரத்தைத்தான். எங்களுக்கு வேண்டியதும் ஓரத்தில்தான் இருந்தது.

எங்கள் பேட்டையிலேயே ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். பையன் சுறுசுறுப்பானவன். “ரெண்டு மணி நேரத்துல வாங்க ஆன்ட்டி, டிஸ்க் ரெடியா இருக்கும்” என்று காஸெட்டை அப்படியே டெக்கின் வாயில் வைத்துத் தள்ளப் போனான். வெடுக்கென்று பிடுங்கிக் கொண்டேன். மூன்று மணி நேரக் காஸெட், இரண்டு மணி நேரத்தில் எப்படித் தயாராகும்? சகோதரிகளே, இதை நன்றாக நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். இந்த வேலையில் அவசரம் கிடையாது. மூன்று மணி நேரம் ஓடுவதை மூன்று மணி நேரம் ஓட விட்டுத்தான் பிடிக்க வேண்டும். அது மட்டுமல்ல, பூசணம் பிடித்த காஸெட்டைத் துடைக்காமல் டெக்கில் போட்டால் நாடா ஒட்டிக் கொண்டு கிழியலாம். பூசணம் டெக்கிலும் தங்கி, அடுத்து வருகிறவர் காஸெட்டையும் பிடிக்கும். நமக்கு முன்னால் அந்த டெக்கில் எது ஓடியதோ!

பிறகு ஒரு சிநேகிதியின் சிபாரிசில், ரிச்சி தெருவை ஒட்டிய ஒரு சந்தில், குறுகலான மாடிப்படி ஏறி ஒரு பெரியவரைப் போய்ப் பார்த்தோம். அறை முழுவதும் பிரித்துப் போட்ட டெக்குகள். புதிது இனிமேல் வராது. ஜப்பானில் பூனாய் என்ற கம்பெனி கடைசிவரை செய்து கொண்டிருந்து, அதுவும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இரண்டு பழைய டெக்கைப் பிரித்து ஒன்றாக ஆக்கிக் காலம் தள்ளுகிறார் மனிதர். என் காஸெட்டை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார்.

“பதினஞ்சு வருஷம் முன்னாடியே வந்திருக்கணும்மா” என்றார், டாக்டர் மாதிரி.

அவர் மட்டும் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகத்தார் 2015-லேயே எச்சரிக்கை விடுத்தார்கள். 2025-க்குள் நாடாவில் இருப்பதை வேறொன்றுக்கு மாற்றாவிட்டால், அதில் பெரும்பகுதி போனதுதான் என்று. அந்த வருஷமும் வந்து போய்விட்டது. உங்கள் பரணை எண்ணித்தான் இதை எழுதுகிறேன்.

பெரியவர் மூக்கில் துணியைக் கட்டிக் கொண்டு காஸெட்டின் ஐந்து திருகாணிகளையும் கழற்றினார். நாடாவைக் கையாலேயே மெதுவாகச் சுற்றிச் சுற்றி, நூல் உதிராத மெல்லிய துணியின் நடுவே இழுத்துத் துடைக்க வேண்டுமாம். கால் கிலோமீட்டரையும்! நாலு நாள் ஆகும் என்றார். அதற்குத் தனியாக எண்ணூறு ரூபாய். என் கணவர் பேரம் பேச வாயெடுத்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

“இன்னொண்ணும்மா. ஒரு தரம்தான் ஓட்டுவேன். அந்த ஒரு தரத்துலயே கம்ப்யூட்டருக்குள்ள வந்துடணும். நாடா ரெண்டாம் தரம் தாங்குமான்னு சொல்ல முடியாது” என்றார்.

ஐந்தாம் நாள் போய் உட்கார்ந்தோம். சுருணையை வேறொரு புதுக் கூட்டுக்குள் மாற்றியிருந்தார். டெக்கில் போட்டார். முதலில் ஒரே பனி, பிறகு நீலம். அவர் ஒரு குமிழை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகினார். சட்டென்று ஊஞ்சல் வந்தது. என் அத்தைமார்கள் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு சுருதியில், ஊஞ்சல் பாட்டுப் பாடினார்கள். முப்பது வருஷத்துக்கு மேலாக நான் கேட்காத அபசுவரம்! குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் ஏறியும் இறங்கியும் வந்தது. ஆனால் வந்தது. அப்பா ஓரமாகத் தெரிந்தார், கைகட்டிக் கொண்டு. பேசவில்லை. மாலை மாற்றினார்கள், ஹோமம் வளர்த்தார்கள். அப்பா குறுக்கே போனார், நெடுக்கே போனார். வாய் திறக்கவே இல்லை. விளக்கும் காமிராவும் எதிரே இருந்தால் அந்தத் தலைமுறை மனிதர்கள் மரியாதையாக வாயை மூடிக் கொண்டு நிற்பார்கள். இரண்டு மணி நேரம் இப்படியே ஓடிற்று.

திடீரென்று படம் குப்புறச் சாய்ந்தது. ஒரு ஜமுக்காளத்தின் மூலை. அதன்மேல் போகிற வருகிற கால்கள். வீடியோக்காரரும் பையனும் காமிராவை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள் போலிருக்கிறது. நிறுத்த மறந்துவிட்டார்கள். பட்டுப் பாவாடைக் குழந்தை ஒன்று ஜாங்கிரியைக் கீழே போட்டு, எடுத்து, ஊதித் தின்றது.

“இது வேஸ்டும்மா. பத்து நிமிஷத்துக்கு இப்படியே போகும். டிஸ்க்குல ஏத்தறப்போ வெட்டிடட்டுமா?” என்றார் பெரியவர்.

நான் பதில் சொல்வதற்குள், கால்களுக்கு அப்பாலிருந்து கணீரென்று ஒரு குரல் வந்தது.

“என்ன ஓய், அப்பளம் பொரிச்சாச்சா? சம்பந்தி மனுஷா ரெண்டாம் பந்திக்குக் காத்துண்டிருக்கா!”

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் பெரியவரைப் பார்த்து, ‘வெட்டாதீர்கள், வெட்டாதீர்கள்’ என்று கையை மட்டும் ஆட்டினேன்.

பதினோரு நிமிஷம். தேங்காய் மூட்டையைப் பற்றி, வாழை இலைக் கட்டுப் பற்றி, மேளக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியைப் பற்றி அப்பா பேசிக் கொண்டே இருந்தார். என்னைப் பற்றி நெஞ்சை உருக்குகிற மாதிரி ஏதாவது சொன்னாரா என்று கேட்பீர்கள். சொன்னார்: “இந்தா, கொழந்தை கார்த்தாலேருந்து ஒண்ணும் சாப்பிடலை. ஒரு டம்ளர் பால் கொண்டு போய்க் குடு. சக்கரை கம்மியாப் போடு.” அதற்கு அம்மாவின் இளமைக் குரல்: “குடுக்கறேன். நீங்க சாப்பிட்டேளா?” “ஆச்சு, ஆச்சு” என்று கொண்டே அப்பா தூரத்தில் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். காட்டினோம் என்ன, கேட்க வைத்தோம். அப்பளத்துக்கு அம்மா சிரித்தாள். பாலுக்குத் தலையை ஆட்டினாள். “ஆச்சு, ஆச்சு” என்று வந்ததும், சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து, “பொய்! அன்னிக்குச் சாயங்காலம் நாலு மணி வரைக்கும் பச்சைத் தண்ணிகூட அவர் வாயில படலை. என்கிட்டயே பொய் சொல்லிட்டுப் போறார் பாரு!” என்றாள். அப்புறம், “இன்னொரு தரம் போடு” என்றாள். அன்று எத்தனை தரம் போட்டோம் என்று கணக்கு வைத்துக் கொள்ளவில்லை.

ஆகையால், நேயர்களே, நீங்கள் கடைக்குப் போனால் முதலில் சொல்ல வேண்டியது, ‘ஒன்றையும் வெட்டாதே’ என்பதுதான். ஆடுகிற படம், இருட்டு, தரை, யாருடைய முதுகோ, எல்லாம் அப்படியே இருக்கட்டும். அழகு செய்து தருகிறேன், புதிதாகப் பாட்டுப் போட்டுத் தருகிறேன் என்பார்கள். வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, மூன்று மணி நேரத்தையும் ஒரே டிஸ்க்கில் திணிக்க விடாதீர்கள். சாதாரண டி.வி.டி.யின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட். அதில் ஒன்றரை மணி நேரம் தாராளமாக உட்காரும். இரண்டு மணி நேரம் ஒடுங்கி உட்காரும். அதற்கு மேல் அடைத்தால் முகங்களெல்லாம் கட்டம் கட்டமாகப் போய்விடும். இரண்டு டிஸ்க்காகக் கேளுங்கள். டிஸ்க்கின் விளிம்பைப் பிடித்து எடுக்க வேண்டும். வெயிலில் வைக்கக் கூடாது. பால் பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதக் கூடாது. வீட்டில் எழுதுகிற டிஸ்க்கில் லேசர் ஒளி ஒரு சாயப் பூச்சின்மேல்தான் எழுதுகிறது. சாயம் என்றால் வெளுக்காமல் இருக்குமா?

இதைக் கேட்டு என் பெண் சிரிக்கிறாள். அவள் வைத்திருக்கும் லாப்டாப்பில் டிஸ்க் போடுகிற துவாரமே இல்லை. “டிஸ்க்கும் இன்னொரு காஸெட்தாம்மா” என்கிறாள். அவள் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. கடையில் டிஸ்க்கோடு கம்ப்யூட்டர் பைலாகவும் கேட்டு வாங்கி, இரண்டு பிரதி எடுத்து, இரண்டு ஊர்களில் இரண்டு வீடுகளில் வைத்திருக்கிறோம். அம்மாவுக்கு மட்டும் டிஸ்க்தான் சௌகரியம். தட்டைத் தடவிப் பார்த்து, தானே போட்டுக் கொள்ளப் பழகிவிட்டாள். பழைய காஸெட்டையும் நாங்கள் எறியவில்லை. முழுவதும் ஒரு பக்கமாகச் சுற்றி, புஸ்தகம் போல் நிமிர்த்தி, பீரோவில் வைத்திருக்கிறது. பிளாஸ்டிக் பை கிடையாது.

அத்தைமார்களில் ஒருத்தி, ஊஞ்சல் பாட்டை மட்டும் அழித்துவிடும்படி டெலிபோன் மேல் டெலிபோன் செய்து கொண்டிருக்கிறாள். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

என் தம்பி இந்தப் பதினோரு நிமிஷத்தைக் கேட்டுவிட்டு வெகு நேரம் பேசாமல் இருந்தான். மறுநாள் திருச்சியிலிருந்து போன் செய்தான். அந்தக் கல்கத்தா ஆட்டம் நினைவிருக்கிறதா உங்களுக்கு? நம்மவர்கள் மளமளவென்று அவுட்டாக, ஜனங்கள் பாட்டிலை வீசி, நெருப்பை மூட்டி, ஆட்டத்தையே நடுவில் நிறுத்தி, இலங்கைதான் ஜெயித்தது என்று அறிவித்தார்களே! ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டதால் அன்றைக்குக் காஸெட் முடிவதற்கு முன்பே டெக்கை அணைத்துவிட்டானாம். அப்படியானால் அந்த மூன்றாவது காஸெட்டின் கடைசியில் கொஞ்சம் கல்யாணம் மிச்சம் இருக்க வேண்டும். சம்பந்திகளை அப்பா வழியனுப்பிய இடம் என்பது அம்மாவின் ஊகம். தம்பி அந்தக் காஸெட்டைக் கூரியரில் அனுப்பப் பயந்து, கையோடு கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். பூசணம் இல்லை. ரிச்சி தெருப் பெரியவர் பொங்கலுக்குச் சொந்த ஊர் போயிருக்கிறார். மாட்டுப் பொங்கல் கழிந்து திங்கட்கிழமை வந்துவிடுவாராம்.